குழாயின் உட்சுவர்

சொட்டுநீர்க் குழாய்களை அடைத்தவர் இஸ்மாயில் அண்ணன் இல்லை. நான்தான். பழியை அவர் தலையில் போட்டவனும் நான்தான். இதை முதலிலேயே உங்களிடம் சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் எனக்குத் துணிவிருக்காது.

ஜூன் ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்தேன். வாரத்துக்கான சட்டைகளைத் தேய்த்து அடுக்கினேன். பாடக்குறிப்பு எழுதி முடித்து, அல்லிநகரத்தில் பேருந்து ஏறி அனுமந்தன்பட்டிக்குப் போனேன். எனக்கும் என் அண்ணனுக்கும் அங்கே பொதுவாக ஒரு திராட்சைத் தோட்டம். பங்குக்குப் பார்த்துவந்தவர் உத்தமபாளையத்து இஸ்மாயில் அண்ணன். அன்று அவர் வீட்டில் கல்யாணம். குழாய் வழியாகக் கொடிகளுக்கு ஜீவாமிர்தம் என்ற இயற்கை உரக் கரைசலை விடும் வேலையை என்னிடம் ஒப்படைத்திருந்தார்.

“சாணி, வெல்லம், மாவு எல்லாம் கரைச்சு வடிகட்டி வச்சிருக்கேன் தம்பி,” என்றார் போனில். “விட்டு முடிச்சதும் அரை மணி நேரம் வெறுந்தண்ணி ஓட்டி, குழாய்க் கடைசி மூடியெல்லாம் தெறந்து விட்ருங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடிறாதீக.” சொல்லிவிட்டுச் சிரித்தார்.

ஓடினேன். ஐந்து மணிப் பேருந்தை விட்டால் நாட்குறிப்பு எழுத உட்காரும் நேரம் தவறிவிடும்... அவ்வளவுதான் காரணம். கரைசல் குழாய்க்குள் நிற்க, மோட்டாரை அணைத்துவிட்டு வந்தேன். அன்றைய நாட்குறிப்பைக் குறித்த நேரத்தில் எழுதினேன்.

மறுநாளே சாரல் பிடித்துக்கொண்டது. பத்து நாளைக்கு மோட்டார் போடத் தேவையே வரவில்லை.

நான் கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பிப்பவன். நீந்தித் திரியும் பாக்டீரியா ஒரு சுவரில் முட்டும்போது என்ன ஆகிறது என்று ஆண்டுதோறும் வகுப்பில் விளக்குகிறேன். அதன் வால் சுழல முடியாமல் தடைப்படுகிறது. அந்தத் தடையிலிருந்தே அது சுவரை உணர்கிறது. முதலில் லேசாகத்தான் ஒட்டும், விட்டுப் போகவும் செய்யும். மீண்டும் தொடும். பிறகு நீந்துவதை நிறுத்தி, பசை சுரந்து, அங்கேயே தங்கிவிடும். வந்து சேர்வனவும் பெருகுவனவும் அந்தப் பசைக்குள்ளேயே வாழும். அதற்கு வேண்டியது ஒரு சுவரும், இரையும், கொஞ்சம் அவகாசமும். மூன்றையும் நானே கொடுத்தேன்!

சாரல் நின்று மோட்டார் போட்டபோது தூரத்து வரிசைகளில் தண்ணீர் சொட்டவில்லை. கவாத்துக்குப் பின் விட்ட துளிர்கள் கருகிப் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. என் அண்ணன் ஒரு குழாயை அறுத்துப் பார்த்தார். உள்ளே பழுப்பாக, வழவழவென்று ஒரு படலம். பார்த்த கணமே எனக்கு விளங்கிவிட்டது.

“பில்டரக் கழுவ ஒனக்குக் கை வலிச்சுச்சாக்கும்?” என்று என் அண்ணன் இஸ்மாயில் அண்ணனிடம் பாய்ந்தார்.

“நான் கழுவுனேன்னா நம்பவா போறீக? தம்பிட்டக் கேளுங்க. அவுக படிச்சவுக, பாத்தாலே தெரியும்.”

அன்று கரைசல் விட்டது நான் என்பதை அவர் சொல்லவில்லை. நான் சொல்லட்டும் என்று விட்டார். இப்போது நினைத்தாலும் அதுதான் தாங்கவில்லை...

இருவரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் குழாய்த் துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“பாத்தா... ரொம்ப நாளாக் கழுவாத மாதிரித்தான் இருக்கு,” என்றேன்.

யார் சொன்னார் இதை? பாடம் நடத்தும் அதே குரலல்லவா!

இஸ்மாயில் அண்ணன் வாதாடவில்லை. “தம்பி சொன்னாச் சரியாத்தான் இருக்கும்,” என்று மோட்டார் அறைச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். தன் கையால் கவாத்து செய்த கொடிகளை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். இப்போது குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்தில் கூலிக்குப் போகிறார் என்று கேள்வி. அவருடைய எண் இன்னும் என் போனில் இருக்கிறது. அழைத்தால் எடுப்பார். அதனால்தான் அழைக்கவில்லையோ?

அன்றிரவு நாட்குறிப்பில் வானிலை மட்டும் எழுதினேன்.

மறுநாள் காலை, என் அண்ணன் வருமுன், முதல் வேலையாகத் தோட்டத்துக்குப் போனேன். இஸ்மாயில் அண்ணன் சொல்லியிருந்தபடியே ஒவ்வொரு குழாயின் கடைசி மூடியையும் திறந்து வெறுந்தண்ணீர் ஓட்டினேன். வெல்லமும் சாணமும் புளித்த வாடையோடு பழுப்பாய்க் கொட்டியது. அது மண்ணுக்குள் போய் மறையும்வரை நின்றேன். பிறகு தெளிந்த நீர் வந்தது. விரலை உள்ளே விட்டுத் தடவினேன். வழவழப்பு அப்படியே இருந்தது.

மூடியைத் திருகி மூடினேன்.