அம்பு போட்ட கோப்பு

மகள் பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவள் உதிர்த்த கிறுக்குப் பேச்சையெல்லாம் கணினியில் ஒரே கோப்பில் சேர்த்து வந்தேன். பாதி தமிழ், பாதி மலையாளம். எந்த எழுத்தில் எழுதுவதென்று தெரியாமல் ஆங்கில எழுத்திலேயே தட்டி வைத்தேன். வேறெங்கும் நகல் கிடையாது. என் பிழைப்பு சர்வர்களோடு. அதனால் கறுப்புத் திரையில்தான் படிப்பேன். cat என்ற கட்டளையை அடித்து, பக்கத்தில் கோப்பின் பெயரை அடித்தால் எல்லாம் கடகடவென்று வந்து விழும்.

அவள் கல்லூரி ஹாஸ்டலுக்குக் கிளம்பும் காலை, அதை வாசித்துக் காட்டிச் சிரிக்கவைத்து அனுப்பத் திட்டம். நான் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். அதைத் திறந்து வைக்கக் கணவர் கணினி முன்னால் உட்கார்ந்தார்.

"வந்துச்சா?"

"வரும்டீ. பதினேழு வருஷப் பேச்சுல்ல, நேரமெடுக்கும்."

சந்தேகத்தோடு போய்ப் பார்த்தேன். வெறும் திரை. மேலே cat, கோப்பின் பெயர், நடுவில் ஓர் அம்பு: >

அவர் தோளுக்கு மேலாக எட்டித் திரையில் விரலை வைத்தேன்.

"இந்த அம்பு எதுக்குப் போட்டீங்க?"

"இதைத்தான் பார்க்கணும்னு காட்டத்தான்."

மட்டாஞ்சேரியில் மிளகு கோடவுனில் வேலை அவருக்கு. வாங்க வருகிறவர் எந்தச் சாக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டுமோ, அதைக் காட்டிச் சாக்பீஸால் அம்பு போடுவார்கள். பழகிய கை, இங்கேயும் போட்டுவிட்டது. கணினிக்கோ அந்த அம்பின் அர்த்தம் வேறு: உள்ளே இருப்பதை அழி, இனி நான் அடிப்பதை அதில் போடு. என்டரைத் தட்டிய நொடியே கோப்பு காலி. அது எதையும் கொண்டுவரப் போகவில்லை, நாங்கள் அடிப்பதற்காகக் காத்திருந்தது.

"போச்சே! எல்லாம் போச்சே!" என்று அலறினேன். இவரைத் திட்டித் தீர்க்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் முகமே வெளுத்துப்போயிருந்தது.

சத்தம் கேட்டு மகள் ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அப்பாவை எழுப்பிவிட்டு அவளே உட்கார்ந்தாள்.

"கரையாதேம்மா, அழாதே. உனக்கு ஓர்மையிருக்கும்ல? இப்பவே திரும்ப அடிச்சிரலாம். நான் முதல்ல என்ன சொன்னேன்?"

வாயைத் திறந்தேன். கண்ணில் தண்ணீர் வர நாங்கள் சிரித்தது நினைவிருந்தது. எதற்குச் சிரித்தோம் என்பது வரவில்லை. அடுத்ததை யோசித்தேன், அதுவும் வரவில்லை. எழுதியாயிற்றே என்ற தைரியத்தில் ஒவ்வொன்றையும் அன்றன்றே மறந்திருக்கிறேன். கணவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார்.

விசைப்பலகையில் விரல்களை வைத்தபடி மகள் காத்திருந்தாள்.

"சொல்லும்மா" என்றாள்.