இருநூறாவது டோக்கன்

எங்கள் ஜார்ஜ்டவுன் கோயிலில் புரட்டாசி சனிக்கிழமை அன்னதானத்துக்கு, டோக்கன் எண்ணைக் காட்டும் பலகை ஒன்றைச் செய்துதருகிறேன் என்று நானாகத்தான் வாயைக் கொடுத்தேன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு நிரல் எழுதுவது என் வேலை. நான்கு மாதமாக ரஸ்ட் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொண்டிருந்தேன். மாலையில் மனைவியோடு கடற்கரையில் நடப்பது அதோடு நின்றுபோனது.

"தப்பு செஞ்சா நிரல ஓட்டுறதுக்கு முன்னாடியே திட்டிரும், அவ்ளோ கறாரான மொழி," என்று அவளிடம் பெருமையடிப்பேன்.

"அதுக்குத்தான் வீட்டுல நான் இருக்கேன்லா," என்பாள்.

நிரல் சின்னதுதான். ஒன்றிலிருந்து இருநூறு வரை தானாகவே எண்ணிக்காட்ட ஒரு 'ஃபார்' சுற்று. அது முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்க, வெளியே ஒரு முடிவில்லாத 'லூப்'. இயந்திரம் நிற்கவே கூடாது என்ற தொழிற்சாலைப் பழக்கதோஷம். முதல் பத்து எண்கள் ஒழுங்காக வந்தன, போதும் என்று விட்டுவிட்டேன்.

பொறுப்பெடுத்தவர் வீட்டார் கடைசியாகச் சாப்பிடுவது எங்கள் கோயில் வழக்கம். ஆகவே இருநூறாவது டோக்கன் என் மனைவியுடையது. காலையிலிருந்து விரதம் வேறு.

பலகையில் 199 வந்தது. அடுத்து 1 வந்தது.

முதல் ஆளாகச் சாப்பிட்டுக் கைகழுவியிருந்த பெரியவர் சந்தோஷமாகத் திரும்பி வந்தார். "தம்பி, உங்க மெஷினுக்கு நல்ல மனசுலா, ரெண்டாவது ரவுண்டு கூப்புடுது!"

அவர் பின்னால் இரண்டு, மூன்று, நான்கு. பரிமாறியவர்களும் பலகையைத்தான் நம்பினார்கள். பலகை மாட்டியிருந்த மேடையைச் சுற்றி நான் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்குவதற்குள் சாம்பார் தீர்ந்துவிட்டது. அண்டாவின் அடியில் கொஞ்சம் சோறும் ரசமும் இருந்தன. அதை இலையில் போட்டு அவள் முன்னால் வைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஏங்க இருநூறு வரல?"

"1..200ன்னு எழுதிட்டேன். அப்படி எழுதுனா கடைசி எண்ண அது கணக்குல சேக்காது."

"திட்டலியா?"

"இதுக்கெல்லாம் திட்டாது."

"நாலு மாசமா அதுகூடவேதான இருந்தீங்க?"

அங்கேயே மடிக்கணினியைத் திறந்து ஒரு சமக்குறியைச் சேர்த்தேன், 1..=200 என்று. "சரியாயிருச்சு," என்றேன்.

"மெஷினுக்கு," என்றாள், சோற்றைப் பிசைந்துகொண்டே.

மடிக்கணினியை மூடிவிட்டு, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.