விமானம் விழுந்த சோளக்காடு

எண்பதுகளின் கடைசியில் நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் கடிதப் போக்குவரத்தைப் பார்த்துவந்தேன். எங்களிடம் சரக்கு வாங்க இங்கிலாந்திலிருந்து வரும் முதியவர் ஒருவர், ஒரு மாலை தேநீர் குடிக்கும்போது தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். இரண்டாம் உலகப் போரின்போது குண்டுவீச்சு விமானத்தில் இருந்தவர். இந்தப் பக்கத்துத் தளம் ஒன்றிலிருந்து பயிற்சிக்குப் புறப்பட்ட விமானம் திரும்பவில்லை. திருப்பூருக்குக் கிழக்கே எங்கோ விழுந்து எரிந்தது, ஒருவரும் பிழைக்கவில்லை என்பதற்கு மேல் வீட்டுக்குத் தகவல் வரவில்லை. அந்த இடத்தில் ஒருமுறை நிற்க வேண்டும்; அவ்வளவுதான் அவர் ஆசை.

நான் கண்டுபிடித்துத் தருகிறேன் என்றேன். எதையும் ஒழுங்காகச் செய்பவன் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மொபெட்டை எடுத்துக்கொண்டு அவிநாசிபாளையத்திலிருந்து வெள்ளகோவில் வரை ஊர் ஊராகப் போனேன். கேள்விகளை முன்கூட்டியே எழுதிவைத்து, எல்லோரிடமும் அதே வரிசையில் கேட்டேன். விமானம் வடக்கிலிருந்து வந்ததா? வாலில் தீப்பிடித்திருந்ததா? பட்டாளத்தார் லாரியில் வந்து சிதறியதை அள்ளிக்கொண்டு போனார்களா? அவிநாசிபாளையம் தாண்டி ஒரு தோட்டத்துக்காரர், அறுபதை நெருங்கியவர், ஒன்றுவிடாமல் எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" என்றார். அக்கம்பக்கத்திலும் அதையே சொன்னார்கள். அவருடைய கிணற்றுக்குத் தெற்கே இருந்த சோளக்காட்டை வரைபடத்தில் குறித்து இங்கிலாந்துக்கு அனுப்பினேன்.

அடுத்த முறை வந்தபோது அவர் சரக்கைப் பற்றிப் பேசவே இல்லை. நேரே அங்கே போனோம். அறுவடை முடிந்த காட்டில், தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். பூக்கொத்தைத் தரையில் வைத்தபோது அவர் தோள்கள் குலுங்கின. நான் அதை நிறைவோடு பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எழுதவே இப்போது கூசுகிறது.

இளநீர் கொண்டுவந்த தோட்டத்துக்காரரின் மனைவி என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க, அவரு எதுக்குங்க எங்க காட்டுல நின்னு அழுவறாரு?"

"அவங்க அண்ணன் போன பிளேன் இங்கதானுங்க விழுந்துச்சு. உங்க ஊட்டுக்காரர் சொன்னாருங்களே."

"அந்த மனுசன் ஆரு என்ன கேட்டாலும் ஆமாங்கம்பாரு. என்னையப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு, புடிச்சிருக்குதான்னு எங்கப்பன் கேட்டதுக்கு ஆமாங்கன்னாரு. சும்மா ஊரு பாக்க வந்தீங்களான்னு எங்கண்ணன் கேட்டான். அதுக்கும் ஆமாங்க."

பக்கத்தில் நின்ற தோட்டத்துக்காரர் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "அப்ப நான் சின்னப் பையனுங்க. வானத்துல வெளிச்சம் தெரிஞ்சுதுங்க, சத்தமும் கேட்டுது. எங்க விழுந்துதுன்னு நான் பாக்கலீங்க."

"அப்பறம் ஏனுங்க எல்லாத்துக்கும் ஆமான்னீங்க?"

"அத்தன வெயில்ல வந்து கேட்டீங்க. இல்லீங்கன்னு எப்படிங்க சொல்லி அனுப்பறது?"

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்து ஊர் ஊராகக் கொடுத்துவிட்டு வந்தவன் நான்.

இங்கிலாந்துக்காரர் கண்ணைத் துடைத்தபடி எங்களிடம் வந்தார். இவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். உங்களுக்கு ஆறுதல் சொல்கிறார்கள் என்று சொல்லியிருந்தால் எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். அந்த வாக்கியம் நாக்கு வரை வந்தது. பிறகு உள்ளதைச் சொன்னேன். அன்றுபோல என் ஆங்கிலம் ஒருநாளும் தடுமாறியதில்லை.

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் தெரிந்தது என்று மட்டும் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

தோட்டத்துக்காரர் கையைத் தூக்கும் முன் என் முகத்தைப் பார்த்தார். எந்தத் திசையைச் சொன்னால் எனக்குப் பிடிக்கும் என்று தேடினார். நான் அவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். காய்ந்த சோளத்தட்டை மிதிபடும் சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினேன். இங்கிலாந்துக்காரர் தொப்பியைக் கையில் பிடித்தபடி கிழக்கே நடந்துகொண்டிருந்தார்.