இடது கால் ஷூ

ஆகஸ்ட் வெயிலில், இரவு வேலைத் தூக்கம் கலையாத கெண்ட்ரா, பின்சீட்டில் தூங்கிய மூன்று வயது டெஸ்ஸியை மறந்து கடைக்குள் போய்விட்டாள். யாரோ கண்ணாடியை உடைத்துப் பிள்ளையைக் காப்பாற்றினார்கள். தாய்மேல் வழக்கு விழுந்தது. பிள்ளை வளர்ப்பு பற்றிய பெற்றோர் வகுப்பை முடித்தால் வழக்கு தள்ளுபடி என்றது அமெரிக்காவின் அயோவா மாநிலத்து மாவட்ட நீதிமன்றம். வகுப்பின் முதல் பாடம்: வண்டியில் ஏறியதும் இடது ஷூவைக் கழற்றிப் பிள்ளை பக்கத்தில் வை, இறங்கினால் கால் ஞாபகப்படுத்தும்.

வகுப்பை முடித்துவிட்டாள்; இன்று கடைசி விசாரணை. சோளக்காட்டுப் பனிமூட்டம் ஜன்னலில் அப்பியிருந்தது. பெயர் கூப்பிட்டதும் தண்ணீருக்குள் நடப்பவள்போல் முன்னே போனாள்.

நீதிபதி ஹோல்கம் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, ஒரு ஷூ எங்க?"

இடது காலில் நனைந்த காலுறை மட்டும் இருந்தது. "கார்லங்கய்யா. பழக்கத்துல பின்சீட்ல வெச்சுட்டேன்."

சந்தேகப்படுவதே பிழைப்பான அரசு வக்கீல் துள்ளி எழுந்தார். "அப்ப பிள்ளை?"

"அக்கா வீட்ல விட்டுட்டு வந்தேங்க. ஆனாலும் கால் சில்லிட்டதும் பயந்துட்டேன். மூணு தடவ திரும்பிப் போய்ப் பாத்தேன். அவ இல்லன்னு தெரிஞ்சதும் ஷூ ஞாபகமே வரல."

வக்கீல் உட்கார்ந்தார். நீதிபதி தள்ளுபடி என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

பனியில் நடந்து போய், நான்காவது தடவையாகக் காருக்குள் எட்டிப் பார்த்த பிறகுதான் அவள் ஷூவை எடுத்தாள்.