நேர்ந்துவிட்ட சேவல்

ஆரணியில் பட்டு நூல் சுற்றிப் பிழைத்த முனியம்மாள், தாது வருஷப் பஞ்சத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள். மிஞ்சியது மகள் தெய்வநாயகியும் கொல்லையில் சில கோழிகளும்தான். மகளை முள்ளிப்பட்டு நெசவுக்காரன் ஜெயவேலுக்குக் கட்டிக்கொடுத்தாள். வருஷங்கள் போயும் அவள் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அதற்கு மாப்பிள்ளைக்குத் தெரிந்த வைத்தியம் அடி ஒன்றுதான்.

முனியம்மாளுக்குத் தெரிந்தது முனீஸ்வரன். மகள் உண்டானால் சேவல் அறுப்பதாக வேண்டிக்கொண்டு, அந்த வருஷம் பொரித்ததில் கொழுத்த சேவல்குஞ்சின் காலில் மஞ்சள் கயிறு கட்டினாள். நேர்ந்துவிட்டதை அடிக்கக் கூடாது, விற்கக் கூடாது, வேளை வருமுன் அறுக்கவும் கூடாது. இதை யாரோ அதன் காதில் ஓதியிருக்க வேண்டும், அத்தனை திமிர்! வளர்ந்ததும் கூடப் பிறந்த சேவல்களைக் கொத்திக் கொத்தி வேலியோரம் ஒதுக்கியது, கூவக்கூட விடவில்லை. முட்டைக்கு வராத விடைக்கோழிகளைத் துரத்தி, பிடரி இறகைக் கவ்வி ஏறி மிதித்தது. அதிலும் ஒரு சிவப்புக் கோழியை விடவே இல்லை. அதன் முதுகு தோலுரிந்து கிழிந்தது.

சேவலைத் தொட முடியாதே! முனியம்மாள் கோழியைத்தான் தனியாகக் கூடையால் மூடிவைத்து, மஞ்சளும் விளக்கெண்ணெயும் தடவினாள். அதே வாரம் தெய்வநாயகியும் முதுகெல்லாம் வீங்கி வந்து நின்றாள். அவளுக்கும் அதே எண்ணெய்தான்.

சில வாரங்களில் இரண்டு முதுகிலும் புண் ஆறியது. ஜெயவேல் மறுநாள் கூட்டிப்போக வருவதாகச் சொல்லியனுப்பினான்.

"நான் போவலம்மா," என்றாள் தெய்வநாயகி.

"வாழாவெட்டின்னு பேரு எடுக்கப் போறியா? எல்லாம் சரியாப் பூடும், போ!" என்று அதட்டினாள் தாய்.

மறுநாள் காலை கூடையைத் தூக்கிக் கோழியையும் வெளியே விட்டுவிட்டு நூல் சுற்ற உட்கார்ந்தாள். கொல்லையில் ஒரே ரகளை. எழுந்து போய்ப் பார்த்தால், கூடைக்குள் போகுமுன் கூட மேய்ந்த கோழிகளே அதை அயலூர்க் கோழியாக நினைத்துச் சூழ்ந்துகொண்டு கொத்துகின்றன. கூட்டத்தில் அதற்கிருந்த இடம் போயே போய்விட்டது. ஒடுங்கி ஓடியதைச் சேவல் மடக்கி மிதித்தது. முனியம்மாள் விரட்டிப் பிடுங்குவதற்குள் புதுத்தோல் கிழிந்து, கழுத்து துவண்டுவிட்டது. அவள் கையிலேயே கோழி செத்துப்போனது.

நாமே கொண்டுபோய் விட்டோமே என்று அதைக் கீழே கிடத்தினாள். வாசலில் ஜெயவேலின் குரல் கேட்டது. ரத்தக் கையோடே ஓடினாள்.

"மாப்ளே, நீங்க போங்க. பொண்ண அனுப்ப மாட்டேன்."

"இன்னா அத்தே, பேஜார் பண்றீங்க? அவளே கெளம்பி நின்னுகினு இருக்கா, பாருங்க."

மகள் மூட்டையோடு நின்றிருந்தாள். முனியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "போவாதடி கண்ணு! இங்கியே இருந்துடு!"

"நீதானம்மா போன்னு சொன்ன?"

அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. கையை விடுவித்துக்கொண்டு அவன் பின்னால் நடந்தாள். முனியம்மாள் தெருமுனை வரை கூப்பிட்டுப் பார்த்தாள். அவள் திரும்பவில்லை.