ஜெபா மேஸ்திரியும் அல்லித் தொட்டியும்

கேளம்பாக்கத்தில் ஜெபா மேஸ்திரி என்றால் பெயின்ட் கடை முதல் ஆட்டோ ஸ்டாண்டு வரை எல்லோருக்கும் தெரியும். நாற்பத்து மூன்று வயதுப் பெண். பத்தொன்பது வயதில் சித்தாளாகக் கலவைச் சட்டி சுமக்க வந்தவர். ஒரு நாள் சாரத்தில் ஏறப் பயந்து ஒரு பெயின்டர் கீழேயே நின்றுகொண்டிருக்க, "குடு, நான் ஏறுறேன்" என்று பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போய்விட்டார். அதோடு சட்டி சுமக்கும் வேலை முடிந்தது. இன்று அவரிடம் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். மொட்டைமாடி ஒழுகினாலும் சுவரில் உப்புப் பூத்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சத்தமாகப் பேசுவார், அதைவிடச் சத்தமாகச் சிரிப்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவர் பாட எழுந்தால் பாஸ்டர் மைக்கைச் சற்றுத் தள்ளி வைத்துவிடுவார்.

போன வருடம் செப்டம்பரில், ஐ.டி. ஆட்கள் குடியிருக்கும் நான்கு பிளாக் அடுக்குமாடி ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. முதலில் ஏ பிளாக் மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு அடிக்க வேண்டும். வெயிலைத் தடுக்கும், ஒழுகாது, பாசியும் பிடிக்காது என்று டின்னின் மேல் பெரிதாகப் போட்டிருந்தது. அந்த வேலை திருப்தியாக இருந்தால் மற்ற மூன்று பிளாக்கும் அவருக்கே என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் ராஜேந்திரன் சொல்லியிருந்தார். அவர் பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர்.

அங்கே ஜெபாவுக்கு ஒரே ஒரு எதிரி, தோட்டக்காரர் காசிநாதன். திருப்போரூருக்கு மேற்கே விவசாயக் குடும்பம். குரோட்டன்ஸ் இலையில் ஒரு சொட்டுப் பெயின்ட் விழுந்தாலும் நேராக மாடிக்கே ஏறி வந்துவிடுவார்.

"யம்மா மேஸ்திரி, என் செடி இன்னா உன் செவுரா? வெள்ளையடிச்சி வச்சிகீற!"

"அண்ணாத்த, வெள்ளையடிச்சா உன் செடி பளிச்சுனு கீது பாரு. டப்பு கேக்காம செஞ்சி குட்துகீறேன்!"

காசிநாதனின் செல்லம் ஏ பிளாக்குக்குப் பின்னால் இருந்த அல்லித் தொட்டி. நாலு கட்டில் போடலாம், அவ்வளவு பெரியது. மாடித் தண்ணீர் செடிகளுக்குப் பின்னால் போகும் குழாய் வழியாக அதில் வந்து விழும். அல்லி, தவளை, தட்டான், விரல் நீளத்துக்குக் குட்டி மீன்கள் என்று அது ஒரு தனி ஊர்.

பூச்சு அடித்து முடித்த மறுநாள் சாயங்காலம், யாரும் எதிர்பாராத இடிமழை. ஒன்றரை மணி நேரம் கொட்டித் தீர்த்தது. ஜெபா பதறிப்போய் அடுத்த நாள் காலையில் மாடியைப் பார்த்தார். எங்கும் உரியவில்லை, ஒழுகவில்லை. நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் தொட்டியில் மீன்கள் செத்து மிதந்தன. பத்து நாளில் கொசு பெருகிவிட்டது. தண்ணீர் தெளிந்ததும் கொசு எங்கிருந்தோ வந்து முட்டையிட்டுவிட்டது, ஆனால் புழுவைத் தின்ன மீன் ஒன்றுகூட இல்லை. சாயங்காலம் பால்கனியில் உட்காரவே முடியவில்லை என்று வாட்ஸ்அப் குரூப் கொதித்தது. காசிநாதன் செம்பருத்திக்கு ஏதோ மருந்து அடித்ததை யாரோ பார்த்திருக்கிறார்கள். போதாதா? பழி அவர் மேல் விழுந்தது.

மீதி மூன்று பிளாக்குக்கு அளவெடுக்க ஜெபா வந்த அன்று, காசிநாதன் தொட்டி ஓரம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"வேப்பெண்ணதான்மா அட்ச்சேன். அதுல மீனு சாவுமா? என்ன வேலய வுட்டு தூக்கப் போறாங்களாம்."

சண்டை போடாத காசிநாதனைப் பார்க்க ஜெபாவுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். ஓரத்தில் குழாய் வாய். அதன் அடியில், காய்ந்துபோன நுரையின் வெள்ளைக் கோடு. அந்த வெள்ளையை அவருக்குத் தெரியாதா? அளவெடுக்காமலே கிளம்பினார்.

வீட்டுக்குப் போய்க் காலி டின்னைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் எறும்பு எறும்பாக இங்கிலீஷ் எழுத்து. அதில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டார். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். பாசி பிடிக்காமல் இருக்கப் பூச்சில் மருந்து கலந்திருக்கிறது, நன்றாக இறுக ஏழு நாள் ஆகும், அதற்குள் மழை பட்டால் மருந்து நிறையக் கரைந்து வரும், இறுகிய பிறகும் முதல் சில மழையில் கொஞ்சம் வரும், குளம் குட்டையில் விடக் கூடாது என்று டின்னிலேயே போட்டிருக்கிறது என்றார்.

ஜெபாவின் கணவர் பெஞ்சமின் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உன்ன யாருனா கேட்டாங்களா? கம்முனு கெட. மூணு பிளாக்கு வேலை போய்டும்" என்றார். பிறகு ஜெபாவின் முகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "நீ சொல்லாம இருக்க மாட்ட. சரி, மொதல்ல நாஸ்தா துன்னுட்டுப் போ."

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் ஜெபா எழுந்து நின்றார்.

"சார், மீன் செத்தது தோட்டக்காரராலே இல்ல. என் பெயின்ட்டாலே. மழ வரும்னு யோசிக்காம அட்ச்சேன், பின்னாடி எழுதினத படிக்காம அட்ச்சேன். தப்பு என்னுது."

ராஜேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "மாடி மேல அடிச்ச பெயின்ட் கீழ இருக்கிற மீனை எப்படிம்மா கொல்லும்?" என்று கேட்டார்.

"காட்றேன் சார்."

அன்றே தொட்டிக்குப் போகும் குழாயைத் திருப்பி ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் விட்டார். அடுத்த மழை பெய்ததும் இரண்டு வாளி வைத்தார். ஒன்றில் மாடியிலிருந்து இறங்கிய தண்ணீர், மற்றதில் திறந்த வெளியில் பிடித்த மழைத் தண்ணீர். இரண்டிலும் ஒரு கிண்ணம் கொசுப் புழுவைக் கொட்டினார் காசிநாதன். மறுநாள் காலையில் மாடித் தண்ணீரில் ஒரு புழுகூட அசையவில்லை. மற்ற வாளியில் குதியாட்டம்.

ராஜேந்திரன் குனிந்து பார்த்தார். "கொசுப் புழு செத்தா நல்லதுதானேம்மா?"

"சார், கொசு பத்து நாள்ல திரும்ப வந்துட்ச்சி. மீனு வந்துச்சா?"

ராஜேந்திரன் கன்னத்தில் உட்கார்ந்த கொசுவைத் தட்டிக்கொண்டே, "வரல" என்று ஒப்புக்கொண்டார்.

அதன் பிறகு ஒவ்வொரு மழைக்கும் வாளிச் சோதனை நடந்தது. பிடித்த மாடித் தண்ணீரையும், அல்லித் தொட்டியை மோட்டார் வைத்து இறைத்த தண்ணீரையும் ஜெபா வீணாக்கவும் இல்லை, மண்ணில் விடவும் இல்லை. இடிந்து கிடந்த காம்பவுண்டுச் சுவருக்குச் சிமென்ட் கலவை போட அதையே எடுத்துக்கொண்டார். அந்தச் சுவர் வேலையை அவர் ஆட்களே செய்தார்கள். கூலி வேண்டாம் என்றுவிட்டார்.

இரண்டாவது சோதனையில் மாடித் தண்ணீரில் பாதிப் புழு பிழைத்தது. நான்காவதில் ஒன்றிரண்டுதான் செத்தது. அக்டோபர் கடைசியில், ஆறாவது மழைக்குப் பிறகு, மூன்று நாள் ஆகியும் மாடித் தண்ணீரில் அத்தனை புழுவும் துள்ளிக்கொண்டிருந்தது. வாளியைச் சுற்றி நின்ற பதினைந்து பேரும் கை தட்டினார்கள். கொசுப் புழு உயிரோடு இருப்பதற்காகக் கை தட்டிய ஒரே அடுக்குமாடி இதுவாகத்தான் இருக்கும் என்று ராஜேந்திரன் சொல்ல, ஜெபா சிரித்த சிரிப்பில் இரண்டாம் மாடிக் குழந்தை விழித்து அழ ஆரம்பித்தது.

குழாயை மறுபடி அல்லித் தொட்டிக்கே திருப்பினார்கள். அடுத்த வாரமே காசிநாதன் தன் ஊர் ஏரியிலிருந்து ஒரு குடம் மீன் கொண்டுவந்து விட்டார். கொசு குறைந்தது. ஜெபாவோடு அவர் சண்டை மறுபடியும் சூடு பிடித்தது.

மூன்று பிளாக் வேலை ஜெபாவுக்கே வந்தது. ஆனால் பொங்கல் கழிந்து, வானம் வெளுத்த பிறகுதான் கை வைப்பேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். பூச்சுக்குப் பதில் வெள்ளை டைல்ஸ் உடைத்த ஓட்டுச் சில்லு பதிக்கலாம் என்றார். அதிலும் சிமென்ட்டின் காரம் முதல் மழையில் இறங்கும் என்பதால் மாடிக் குழாய்களைத் தொட்டிக்குப் போகாமல் திருப்பி வைத்த பிறகுதான் வேலையையே தொடங்கினார்.

இப்போது பெயின்ட் கடைக்குப் போனால் அவர் விலை கேட்பதற்கு முன்பு டின்னைத் திருப்பிப் பார்க்கிறார். எழுத்து பொடியாக இருந்தால் கடைக்காரரையே உரக்கப் படிக்கச் சொல்கிறார். சென்ற மாதம் முட்டுக்காட்டில் உப்பங்கழி ஓரம் வீடு கட்டும் ஒருவர், வெளிச்சுவர்ப் பூச்சு தீபாவளிக்குள் முடிய வேண்டும் என்று அவசரப்படுத்தினார். ஜெபா வானத்தைப் பார்த்தார், தண்ணீரில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார்.

"உள்ள ரூமுங்கள தீபாவளிக்கு முட்ச்சித் தர்றேன் சார். வெளியால ஜனவரிலதான்."

"அதுக்குள்ள வேற ஆளப் பார்த்துக்குவேன்."

"பாருங்க சார்" என்று சிரித்துக்கொண்டே ஸ்கூட்டியைக் கிளப்பினார். கோவளம் வந்து சேர்வதற்குள் போன் அடித்தது. உள் அறைகளுக்கு என்ன நிறம் நன்றாக இருக்கும் என்று அந்த வீட்டுக்காரர் கேட்டார்.