வெங்காயத் தோல் நிறத்தில் ஒரு வீடு

எங்கள் வீட்டில் இப்போது வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருக்கிறது. வெள்ளையடிப்பு என்று சொன்னால் என் மகன் சிரிக்கிறான். பெயிண்டிங் என்று சொல்ல வேண்டுமாம். ஒரே மாதிரி பனியன் போட்ட நான்கு பேர் வந்து, சோபாவையும் டிவியையும் பாலித்தீன் தாளில் பொதிந்து வைத்துவிட்டு, மெஷினால் சுவரைத் தேய்க்கிறார்கள். தூசி பறப்பதில்லை. அதைவிட அதிசயம், வாசமே இல்லை. "ஸ்மெல்லே இருக்காதுங்க மேடம். இன்னிக்கே இந்த ரூம்ல படுத்துக்கலாம்" என்று சூப்பர்வைசர் பெருமையாகச் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு, அவர் அந்தப் பக்கம் போனதும் டப்பாவுக்குள் மூக்கை விட்டுப் பார்த்தேன். நிஜமாகவே ஒன்றும் இல்லை. இதற்குப் போய் ஏமாந்துபோனேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

எனக்குப் பெயிண்ட் வாசம் என்றால் ஆயுத பூஜை. கோயமுத்தூர் கணபதியில் அப்போது எங்கள் வீட்டின் முன்பக்கத்திலேயே அப்பாவின் லேத் ஒர்க் ஷாப் இருந்தது. பம்பு செட்டுக்கு வேண்டிய உதிரி பாகங்களைக் கடைந்து கொடுப்பார். பூஜைக்கு முந்தின வாரம் மெஷின்களை எல்லாம் கிரீஸ் போகத் துடைத்து, பச்சை எனாமல் அடிப்பார்கள். டர்பன்டைன் நெடி அடுக்களை வரை வரும். அந்த வாரம் முழுக்க நாங்கள் தின்ற பொரியிலும் கடலையிலும் அந்த நெடிதான். இன்றைக்கும் பொரியைப் பார்த்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சரஸ்வதி அல்ல, பெயிண்ட் டப்பா.

மெஷினுக்கு அடித்தது போக டப்பாவின் அடியில் கொஞ்சம் மிஞ்சும். அங்கேதான் சிக்கல். அப்பாவுக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது. மிஞ்சிய பச்சை முதலில் வாசல் கதவுக்குப் போகும், பிறகு ஜன்னல், கிரில், பீரோ, மாவு டின், அருவாமணைப் பலகை, அக்காவின் சைக்கிள் என்று, அசையாமல் நின்ற எல்லாவற்றுக்கும் போகும். எங்கள் தெருவே அப்படித்தான். எதிர் வீட்டுக் கதவு சாம்பல், ஏனென்றால் அவர்கள் மெஷின் சாம்பல். கதவைப் பார்த்தே அந்த வீட்டுக்காரர் பட்டறையில் என்ன பெயிண்ட் வாங்குகிறார் என்று சொல்லிவிடலாம். சுவர் மட்டும் பிழைத்திருந்தது. அதற்குப் பொங்கலுக்குப் பொங்கல் நீலம் கலந்த சுண்ணாம்பு.

அக்காவுக்குப் பெருந்துறையிலிருந்து ஒரு வரன் வந்தது. புதன்கிழமை பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். இந்த முறை சுண்ணாம்பு வேண்டாம், டிஸ்டம்பர் அடித்துவிடலாம் என்று அப்பா முடிவு செய்தார். நிறத்தையும் அவரே முடிவு செய்துவிட்டார்.

"மெஷின் பச்சையவே சித்த வெளுப்பாக்கிச் சொவத்துக்கும் அடிச்சுப்போடலாம். கதவுக்கும் சேந்தாப்புல இருக்கும்."

"வேண்டாமுங்க" என்றாள் அம்மா.

அப்பா காதில் விழாத மாதிரி பார்த்தார். எனக்குத் தெரிந்து அம்மா அந்த வார்த்தையை அவரிடம் சொன்னதில்லை. அவளுக்குச் சேலைகூட அப்பா எடுத்துக்கொண்டு வந்து கொடுப்பதுதான்.

"கண்ணாலமாகி வந்ததுலருந்து பச்சையவே பாத்துட்டிருக்கறனுங்க. கதவத் தொறந்தாலும் பச்சை, மாவு அள்ளப் போனாலும் பச்சை. இந்த ஒருக்கா என்ற இஷ்டத்துக்கு ஒரு கலரு அடிக்கோணுமுங்க."

எங்கள் பக்கத்தில் சண்டைக்கும் 'ங்க' உண்டு. வெளியூர்க்காரர் யாராவது கேட்டிருந்தால், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சாப்பிடச் சொல்லி உபசரித்துக்கொள்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்த நான் நைசாக அக்காவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

கடையிலிருந்து ஷேட் கார்டு வந்தது. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பள்ளியில் ஓவியப் போட்டியில் பரிசு வாங்கியிருந்த நான் கலருக்கு நானே அதிகாரி என்ற நினைப்பில் வயலட்டைக் காட்டினேன். ஒருவரும் என்னைப் பொருட்படுத்தவில்லை. நல்ல வேளை. "இதுல இல்ல" என்று கார்டை மூடிய அம்மா, அடுக்களைக்குப் போய் ஒரு சின்ன வெங்காயத்தோடு வந்தாள். காய்ந்த மேல் தோலை உரித்துவிட்டு, அதற்கு அடியிலிருந்த தோலைக் காட்டினாள். அம்மா பிறந்தது தாராபுரத்துப் பக்கம். அவர்கள் காட்டில் வெங்காயம்தான் வெள்ளாமை. அறுவடை முடிந்து களத்தில் குவித்திருக்கும்போது சாயங்கால வெயிலில் அந்த நிறம் எப்படி இருக்கும் தெரியுமா என்று எங்களிடம் கேட்டாள். எங்களுக்கு எப்படித் தெரியும்?

"இது ஊடா, வெங்காய மண்டியா?" என்றார் அப்பா. அப்புறம் கெடு வைத்தார். "செவ்வாக்கெழம பொழுது உழுகறதுக்குள்ள உன்ற கலரு அமையுலீனா பச்சைதான். பொறவு பேச்சே இல்ல."

பெயிண்டர் ராசு அண்ணன் வந்தார். நியூஸ் பேப்பரில் மடித்த தொப்பி, காதில் பீடி. வெள்ளை டிஸ்டம்பரில் சிவப்பைக் கொஞ்சம், மஞ்சளைக் கொஞ்சம் கலந்து, வெளிச்சம் நன்றாக விழுகிற முன்பக்கச் சுவரில் ஒரு கை அகலத்துக்கு அடித்துக் காட்டுவார். ஈரத்தில் அசல் வெங்காயத் தோல்! அம்மா பூரித்துப்போவாள். காய்ந்ததும் பார்த்தால் செங்கல் மாதிரி இருக்கும். அடுத்த கலவை காய்ந்தால் பல்பொடி ரோஸ். ராசு அண்ணனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: "காஞ்சாச் செரியாப் போயிருமுங்க." காய்ந்ததுதான் சரியில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அதையேதான் சொல்வார். பெண் பார்க்க வருவதை நினைத்து அக்கா கண் கலங்கி உட்கார்ந்திருந்தபோது அவளுக்கும் அதே ஆறுதலைச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் முன் சுவர் முழுக்கத் திட்டுத் திட்டாகிவிட்டது. போகிற வருகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி அபிப்பிராயம் சொன்னார்கள். "சொவத்துக்குத் தேமல் வந்தாப்புல இருக்குது" என்றார் அப்பா. பச்சை டப்பாவைத் தயாராக வெளியே எடுத்து வைத்திருந்தார். அம்மா ஸ்டூல் மேல் ஏறி, கையில் வெங்காயத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு திட்டாக ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர். வெங்காயத்தால் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு அம்பாசிடர் வந்து நின்றது. பெருந்துறைக்காரர்கள். கோயமுத்தூரில் ஒரு வளைகாப்புக்கு வந்தார்களாம், வந்த கையோடு பெண்ணையும் பார்த்துவிடலாம் என்று ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டார்கள். அக்கா அலறியடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அம்மாவால் ஓட முடியவில்லை, ஸ்டூல் மேல் இருந்தாள். முந்தானையெல்லாம் டிஸ்டம்பர்.

மாப்பிள்ளையின் அம்மா காரிலிருந்து இறங்கியவர் நேராக உள்ளே போகாமல் சுவருக்கு முன்னால் நின்றுவிட்டார். மேலும் கீழும் பார்த்தார். பிறகு அப்பாவிடம் திரும்பி, "ஏனுங், இதுல எதுங்க அடிக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

அப்பாவுக்கு இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. 'இது எதுவும் இல்லீங்க, பச்சைதான்' என்றால் முடிந்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா சுவரைப் பார்த்தார், ஸ்டூலைப் பார்த்தார்.

"எனக்கென்னங்க தெரியும். நான் மெஷினுக்கு அடிக்கறவன். ஊட்டுக்குக் கலரு பாக்கறதெல்லாம் அவுங்கதானுங்க" என்றார்.

அப்பா அம்மாவை 'அவுங்க' என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான். அம்மா ஸ்டூலிலிருந்து விழாதது அதிசயம். மாப்பிள்ளையின் அம்மா அவளை அண்ணாந்து பார்த்து, "எதுங்க அம்மிணி?" என்றார். அம்மா ஜன்னலுக்குக் கீழே இருந்த திட்டைக் காட்டினாள். "இதுதானுங்க. இன்னுஞ் சித்த செவப்புக் கொறையோணும்."

"காஞ்சாச் செரியாப்..." என்று ராசு அண்ணன் ஆரம்பிக்க, எல்லோரும் சிரித்துவிட்டோம். மாப்பிள்ளைதான் பலமாகச் சிரித்தார். உள்ளே ஜன்னல் வழியாக அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். பிறகுதான் சொன்னாள்.

வந்தவர்கள் முன்னால் மானம் போகக் கூடாதென்று அப்பா அப்படிச் சொன்னாரா, மனசாரச் சொன்னாரா என்று அம்மா எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தாள். "வெளியாளுக முன்னால பின்ன என்னத்தச் சொல்றது" என்பார். அதை அவள் நம்பியதே இல்லை. கல்யாணம் முடிந்து பெருந்துறைக்குப் போனதும் மாமியார் அக்காவைக் கேட்ட முதல் கேள்வி, உன் அறைக்கு என்ன கலர் அடிக்கட்டும் என்பதுதான். பழக்க தோஷத்தில் அக்கா பச்சை என்று சொல்லித் தொலைத்தாள்.

அதற்கப்புறம் எப்போது பெயிண்ட் அடித்தாலும் அப்பா "பச்சை அடிச்சுப்போடலாமா" என்று ஆரம்பிப்பார். அம்மா "வேண்டாமுங்க" என்பாள். ரெண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிவார்கள். மூன்றாம் நாள் அப்பாவே கடைக்குப் போய் வெங்காயக் கலருக்கு வேண்டியதை வாங்கி வந்துவிடுவார். யாருக்காவது வழி சொல்லும்போது, "வெங்காயக் கலரு ஊடு எதுன்னு கேளுங்க, ஆரும் சொல்லுவாங்க" என்பார். அப்போது அவருக்கு ஒரு தனிக் குரல் வந்துவிடும்.

இப்போது அந்தத் தெருவில் லேத் சத்தம் இல்லை. பட்டறைகள் ஊருக்கு வெளியே போய்விட்டன. வீடுகள் அடுக்குமாடியாகிவிட்டன, கதவுகள் எல்லாம் ஒரே பழுப்பு. அப்பா போய்ச் சில வருஷமாகிறது. அம்மா எங்களோடு இருக்கிறாள்.

நேற்று சூப்பர்வைசர் டேப்லெட்டை அம்மாவிடம் நீட்டினார். ஆயிரக்கணக்கில் கலர்கள், எதைத் தொட்டாலும் அதே நிறத்தை மெஷின் கலந்து கொடுத்துவிடுமாம். அம்மா விரலால் கொஞ்ச நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, ஒன்றைத் தொட்டாள். "சூப்பர்" என்றான் என் மகன். "நல்லா இருக்குதுங்க அத்தை" என்றார் என் வீட்டுக்காரர். "அதையே அடிச்சுரலாம்மா" என்றேன் நான். டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சூப்பர்வைசர் எழுந்து போன பிறகும் அம்மா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"ஏங்கண்ணு, ஆருமே வேண்டாம்னு சொல்லுலியே" என்றாள்.